உலோகத்துக்கும் களைப்பு உண்டு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ‘ஃபத்தீக்’ என்றால் உடம்புக் களைப்பு என்றுதான் தெரியும். அதே சொல்லை அலுமினியத் தகட்டுக்கும் சொல்வார்கள் என்று பின்னால்தான் அறிந்தேன். அந்தச் சொல்லைப் பத்திரிகைகளில் பரவலாக்கியது காமெட் என்ற பிரிட்டிஷ் விமானம்.

1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிளம்பிய காமெட்தான், பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றிச் சென்ற முதல் ஜெட். ஏர் பிரான்சும் காமெட் வாங்கியது. 1954 ஜனவரி 10 அன்று ரோமிலிருந்து கிளம்பிய காமெட் ஒன்று, எல்பா தீவருகே நடுவானில் உடைந்து கடலில் விழுந்தது. 35 பேர் மாண்டார்கள். காரணம் தெரியாமலேயே சில திருத்தங்கள் செய்து, மார்ச்சில் மறுபடி பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று விழுந்தது. 21 பேர் போனார்கள். அதன் பிறகே பறக்கும் தகுதிச் சான்றை ரத்து செய்தார்கள்.

ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் ஒரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்கள். உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். ஒரு முறை ஏற்றி இறக்கினால் ஒரு பயணத்துக்குச் சமம். முன்பு பறந்த பயணங்களையும் சேர்த்துச் சுமார் 3,000 முறையில் சன்னல் மூலையிலிருந்து உடல் கிழிந்தது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிகிறதே, அதே கதைதான்.

அதிலிருந்து விமானத்துக்கு வயது என்பது வருடக் கணக்கு மட்டுமல்ல, ஏறி இறங்கிய கணக்கும்தான் என்று ஆயிற்று. முக்கியமான பாகங்களுக்குப் பதிவேடு உண்டு. கெடு முடிந்தால், பார்க்கப் புதிதாக இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். நம் சர்வீஸ் புத்தகமும் ஓய்வு வயதும் போல!

ஆனாலும் பதிவேடு மட்டும் காப்பாற்றாது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில், 19 வயதான ஒரு போயிங் 737-இன் முன்பக்கக் கூரை வானத்தில் பிய்ந்து போனது. தீவுக்குத் தீவு குட்டிப் பயணங்களாக 89,680 முறை பறந்த விமானம். கடல் உப்புக் காற்று வேறு. விமானிகள் எப்படியோ தரையிறக்கிவிட்டார்கள். ஒரு பணிப்பெண் மட்டும் வெளியே வீசப்பட்டு இறந்தார்.

ஏறும்போதே கதவருகே ஒரு விரிசலைப் பயணி ஒருவர் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டுக் கட்டாய்க் கோப்புகள் வந்த நாட்களில், படிக்காமலே சுருக்கொப்பம் போட்டவன்தான் நானும். என் மேசையில் யாரும் சாகவில்லை, அவ்வளவுதான்.