இறங்கியது தரைதான், ரயில் அல்ல

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக வாசலில் இருக்கிறது 116ஆம் தெரு சுரங்க ரயில் நிலையம். அங்கே படித்த காலத்தில் எனக்குத் தினசரிப் பாதை. மண்ணும் அஸ்திவாரமுமே தொழிலாகிப்போன சிவில் என்ஜினியருக்கு அந்த நிலையத்தின் மேல் வரும் பிரியம் சுலபத்தில் போகாது.

பிராட்வே தெருவிலிருந்து சில படிகள் இறங்கினாலே பிளாட்பாரம். வில்லியம் பார்க்லே பார்சன்ஸ் யோசித்து எடுத்த முடிவு அது. இந்த ரயில் பாதையின் தலைமைப் பொறியாளரான அவர் 1894இல் ஐரோப்பிய நகரங்களின் ரயில்களைப் போய்ப் பார்த்தார். லண்டனைப்போல ஆழத்தில் குடையாமல், தெருவைப் பிளந்து, இரும்புத் தூணும் உத்தரமும் நிறுத்தி, கான்கிரீட் போட்டு, மேலே மறுபடியும் தெருவை மூடுவது என்று தீர்மானித்தார். மேடு அதிகமான 168, 181ஆம் தெருக்கள் போன்ற இடங்களில் பாறையைக் குடைந்தார்கள். அங்கே இன்றும் லிஃப்ட்டில்தான் இறங்க வேண்டும்.

116ஐத் தாண்டியதும் ரயில் வெளிச்சத்துக்கு வந்து, 125ஆம் தெருவுக்கு மேலே இரும்பு வளைவுப் பாலத்தில் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் ரயில் மேலேறியதாக நினைப்பார்கள். உண்மையில் அங்கே தரைதான் பள்ளத்தாக்காக இறங்குகிறது. பள்ளத்தைத் தொடர்ந்து இறங்கி ஏறாமல், தண்டவாளத்தை நேராகக் கொண்டுபோனார் பார்சன்ஸ். இதைவிட அழகான பொறியியல் பாடத்தை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

அவரும் கொலம்பியாவில் படித்தவர். 1882இல் பொறியியல் பட்டம் பெற்றார். பல்கலைக்கழகம் 1897இல் 116ஆம் தெருவின் மேட்டுக்குக் குடிவந்தபோது சுற்றிலும் வீடுகள் குறைவு. 1904 அக்டோபர் 27 அன்று ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அடுக்குமாடிகள் பெருகின. கட்டணம் 5 சென்ட். 1948 வரை அதே 5 சென்ட்தான்.

சுவரில் நீலப் பீங்கானில் கொலம்பியாவின் முத்திரை. பாஸ்டனின் க்ரூபி நிறுவனம் செய்தது. அம்பேத்கர் 1913இல் இங்கே படிக்க வந்தபோது அது ஏற்கெனவே சுவரில் இருந்தது. ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த நினைப்பு வரும்.

பிராட்வேயின் நடுவில் நிலையத்துக்கு ஒரு நுழைவுக்கூடமும் இருந்தது. பின்னாளில் அதை இடித்துவிட்டார்கள். அதே காலத்துக் கூடம் ஒன்று 72ஆம் தெருவில் இன்னும் நிற்கிறது, பயணிகள் அதன் வழியாகவும் உள்ளே போகிறார்கள். 116இலும் அதைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.