எந்தப் பக்கம் அதக்குவீங்க?

மும்பையில் குடியிருக்கும் நம்மவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளில் இரண்டு ரகம் உண்டு. ஷீரடி போகிற வழியில் இரண்டு நாள் தங்கி, ஜுஹூ கடற்கரையில் பேல்பூரி சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒரு ரகம். பரேலுக்கு வருகிறவர்கள் இன்னொரு ரகம். இவர்களைப் போனிலேயே கண்டுபிடித்துவிடலாம். "ஒரு பத்து நாள் இருக்கிற மாதிரி வரும்ப்பா, தொந்தரவு ஒண்ணும் இல்லியே?" என்று இழுப்பார்கள். பரேல் என்ற ஊர்ப் பெயருக்கு மேல் அவர்களும் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்க மாட்டோம்.

பதினெட்டு வருட மும்பை வாசத்தில் எத்தனையோ பேருக்கு டாக்ஸி பிடித்துக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை வந்தது என் சொந்த அத்தை. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அத்தை என்றால் வெற்றிலைப் பெட்டி, சுண்ணாம்பு டப்பி, ஒரு துண்டு புகையிலை. இடது கடைவாயில் அதக்கிக்கொண்டார் என்றால் அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் பேச்சு 'ம்', 'உம்' தான்.

ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே இந்தியில் ஒரு கேள்வி கேட்டார்: "புகையிலையை எந்தப் பக்கம் வைப்பீங்க?" நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அத்தை இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டிவிட்டார். புண் அங்கேதான் இருந்தது.

பயாப்ஸி முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் இந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முதன்முதலில் இதைக் கேட்டது யார்? கூகிளாண்டவரைப் பிடித்து, பழைய மருத்துவக் கட்டுரைகளில் நுழைந்து வெளியே வந்தபோது கையில் ஒரு பெயர் இருந்தது. டாக்டர் வசந்த் ராம்ஜி கானோல்கர்.

மும்பைக்காரர்களில் சிலர் இந்தப் பெயரைக் கடந்து போயிருக்கக்கூடும். நவி மும்பை கார்கரில் இருக்கும் டாடா புற்றுநோய் ஆராய்ச்சி வளாகத்தில் ஒரு கட்டடத்துக்கு 'கானோல்கர் சோதிகா' என்று பெயர். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாமல்தான் இருந்தது.

பிறந்தது 1895. லண்டன் பல்கலைக்கழகத்தில் பேத்தாலஜியில் எம்.டி. வாங்கியது 1923. திரும்பி வந்து பம்பாயில் கிராண்ட் மருத்துவக் கல்லூரி, பிறகு பரேல் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி இரண்டிலும் பேராசிரியர். 1941 பிப்ரவரி 28-ல் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டபின் அங்கே ஆய்வகங்களுக்கும் ஆராய்ச்சிக்கும் இயக்குநர். (சர் தோராப்ஜி டாடாவின் மனைவி மெஹர்பாய் 1931-ல் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். அடுத்த வருடமே அவரும் போய்ச் சேர்ந்தார். அவர் விட்டுச்சென்ற அறக்கட்டளைதான் ஆஸ்பத்திரியைக் கட்டியது.)

பேத்தாலஜிஸ்ட் என்றால் என்ன செய்கிறவர் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. நோயாளி அவரைப் பார்ப்பதே இல்லை. வெட்டி எடுத்த சதைத்துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிய ஏடாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். 'இது புற்றா, இல்லையா' என்று அவர் எழுதும் நான்கு வரியை வைத்துத்தான் சர்ஜன் கத்தியை எடுப்பார். ஆனால் அந்தக் கண்ணாடித் துண்டுக்கு ஒரு போதாமை உண்டு. என்ன வந்திருக்கிறது என்று சொல்லும், ஏன் வந்தது என்று சொல்லாது. கன்னத்தில் வந்தாலும் இடுப்புத் தோலில் வந்தாலும் மேல்தோல் செல்களில் பிறக்கும் புற்று அதில் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

கானோல்கர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி நோயாளியைப் பார்த்தவர். அவருடைய வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

அந்தக் காலத்தில் நிலவிய எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். புற்றுநோய் ஐரோப்பியர்களின் வியாதி, இந்தியர்களுக்கு அவ்வளவாக வராது என்ற பேச்சு பரவலாக இருந்தது. உண்மையில் புற்று வரும் வயதுவரை இங்கே பாதிப்பேர் உயிரோடு இருந்ததே இல்லை, அவ்வளவுதான். 1930களில் நாத், கிரேவால் என்ற இருவர் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் புரட்டி, அந்தப் பேச்சு சரியில்லை என்று காட்டியிருந்தார்கள். வருகிறது என்பது தெரிந்தாகிவிட்டது. யாருக்கு, எங்கே, எதனால் என்பதுதான் பாக்கி.

1944-ல் கானோல்கர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பம்பாயில் வரிசையாக வந்த 1,000 வாய்ப்புற்று நோயாளிகளைப் பற்றியது. தேர்ந்தெடுத்த ஆயிரம் அல்ல, ஒருவர்பின் ஒருவராக வந்த ஆயிரம். வெளிவந்தது அமெரிக்காவின் 'கேன்சர் ரிசர்ச்' இதழில். ஆஸ்பத்திரி திறந்து மூன்றே வருடம், வெளியே உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு நடுவில் இது!

மறுவருடம் அவரும் சூர்யாபாய் என்ற ஆய்வாளரும் எழுதியதுதான் என்னை உட்கார வைத்துப் படிக்க வைத்தது. பழக்கங்களோடு தொடர்புள்ள, இந்தியாவில் மூன்று புதிய வகைப் புற்றுகள் என்பது அதன் சாரம்.

முதலாவது வேட்டியால் வருவது. ஒரே இடத்தில் வருடக்கணக்காக இறுக்கிக் கட்டி, வியர்வையும் உராய்வும் சேர்ந்து, தோல் கறுத்து, புண்ணாகி, ஆறாமல் கடைசியில் புற்றாகிறது. (சேலையின் பாவாடை நாடாவாலும் இப்படி வருவது பின்னால் பதிவானது. வீட்டில் அம்மாக்கள் இடுப்பில் இருக்கும் கறுப்புத் தடத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். எல்லாத் தடமும் புற்றாகிவிடாது, பயப்பட வேண்டாம். அது அபூர்வம். ஆறாத புண் என்றால் மட்டும் காட்டிவிடுங்கள்.) இரண்டாவது பீகார் பக்கத்து கைனி. உள்ளங்கையில் புகையிலையும் சுண்ணாம்பும் கசக்கி, கீழ் உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே வைத்துக்கொள்வார்கள். புற்று சரியாக அந்த உதட்டுப் பள்ளத்தில் வருகிறது. மூன்றாவது ஆந்திரக் கடலோரத்து சுட்டா. சுருட்டைக் கொளுத்தி, நெருப்பு இருக்கும் முனையை வாய்க்குள் விட்டுப் புகைக்கும் பழக்கம், அதிலும் பெண்களிடம். புற்று மேல் அண்ணத்தில்.

உதடு, அண்ணம், இடுப்பு. ரத்தமோ இனமோ காரணம் என்றால் புற்று இப்படி இடம் பார்த்து உட்காருமா?

இந்த வகைச் சிந்தனை அவரோடுதான் தொடங்கியது என்று சொன்னால் தப்பு. லண்டனில் புகைக்கூண்டு துடைக்கும் பையன்களுக்குக் கரியால் வரும் புற்றை பெர்சிவல் பாட் 1775-லேயே எழுதினார். காஷ்மீரில் குளிருக்கு அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்க்ரி என்ற தணல் சட்டியால் வயிற்றுத் தோலில் வரும் புற்றை எல்ம்ஸ்லி என்ற மிஷன் டாக்டர் 1866-ல் எழுதினார். சென்னையில் நிப்லாக் என்ற டாக்டர் வெற்றிலை போடுவதையும் வாய்ப்புற்றையும் சேர்த்து 1902-ல் எழுதியிருக்கிறார். இன்னொன்றும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கானோல்கர் செய்தது, இப்படி அங்கங்கே கிடந்த கவனிப்புகளை எண்ணிக்கைக்குக் கொண்டுவந்தது. வந்தவர்களை குஜராத்தி, தக்காணி, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் என்று பிரித்து, யாருக்கு எந்த இடத்தில் புற்று என்று பார்த்தார். சாதி சமயம் கேட்டு நோயை எண்ணுவது இன்று நமக்கு உறுத்தலாம். எனக்கும் முதலில் உறுத்தியது. ஆனால் அந்தப் பிரிவுகள் வழியாகப் போய்ச் சேர்ந்த இடம் பழக்கம். பார்சிகளுக்கு நெருப்பு புனிதம் என்பதால் புகைப்பது குறைவு, அவர்களிடம் வாய்ப்புற்றும் குறைவு. மார்பகப் புற்றோ பார்சிப் பெண்களிடம் கூடுதல். 'இந்தியர்களுக்குப் புற்று இப்படி' என்று ஒரே வரியில் சொல்லவே முடியாது என்பது பம்பாய் என்ற ஒரே ஊரிலேயே தெரிந்துவிட்டது.

பரம்பரையையும் அவர் சும்மா ஒதுக்கிவிடவில்லை. எல்.டி.சங்வி என்ற மரபியலாளரோடு சேர்ந்து, பம்பாயில் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் ஆறு சமூகங்களின் ரத்த வகை முதலான ஏழு மரபுக்கூறுகளை அளந்து எழுதினார். பிறகு 1955-ல் சங்வி, ராவ், கானோல்கர் மூவர் பெயரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை. இந்த முறை புற்று இல்லாதவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டார்கள். மெல்லுகிறவர்களுக்கு வாயில், புகைக்கிறவர்களுக்கு அதற்கும் கீழே நாக்கின் அடியிலும் தொண்டையிலும் என்று கோடு பிரிந்தது. இங்கிலாந்தில் டால், ஹில் இருவரும் சிகரெட்டையும் நுரையீரலையும் இணைத்துக் காட்டியது 1950. அது உலகத்துக்கே தெரியும். ஐந்து வருடம் கழித்து பரேலிலிருந்து போனது நம் வீட்டு வெற்றிலைப் பெட்டியைப் பற்றியது, அது நமக்கே தெரியாது!

குறை இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்களை மட்டும் எண்ணினால், ஊரில் எத்தனை பேருக்கு வருகிறது என்று சொல்ல முடியாது. அந்தக் குறையைத் தீர்க்கும் பம்பாய்ப் புற்றுநோய்ப் பதிவேடு 1963-ல்தான் வந்தது, இந்தியாவில் அதுதான் முதல்.

1952-ல் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தை கானோல்கர் உருவாக்கினார். அவரிடம் ஆராய்ச்சி செய்து 1949-ல் டாக்டர் பட்டம் வாங்கிய கமல் ரணதிவே, அமெரிக்காவில் ஜார்ஜ் கையிடம் பயிற்சி பெற்று வந்து, இங்கே திசு வளர்ப்பு ஆய்வகத்தை அமைத்தார். அதே மையத்தில் தொழுநோயாளியின் திசுவிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்து வளர்த்தார்கள், 1958-ல். பின்னாளில் அதிலிருந்து செய்த தடுப்பூசி தமிழ்நாட்டில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டு 1998-ல் முடிவுகள் வந்தன. புற்றுநோய்க் கூடத்தில் தொழுநோய்க்கு என்ன வேலை என்று கேட்கலாம். சதைத்துணுக்கைப் பார்க்கிறவருக்கு எல்லாம் ஒன்றுதான் போலிருக்கிறது. நடுவில் பம்பாய்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்று பதவிகள். 1978-ல் காலமானார்.

அவருக்குப் பின்னும் வேலை நிற்கவில்லை. 1966 முதல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பல் ஆராய்ச்சிப் பிரிவினர் எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவ்நகர் என்று கிராமம் கிராமமாக வீடு ஏறி வாயைத் திறந்து பார்த்தார்கள். புகையிலை போடும் 36,000 பேரிடம் வருடா வருடம் போய், விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் விட்டார்கள். அவர்களுக்கு வாயில் வெள்ளைப் படலம் வருவது குறைந்தது. புற்றுக்கு முந்திய நிலை அது. சொன்னால் பலன் உண்டு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 1985-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய்ப் பிரிவு, புகையிலை சேர்த்த வெற்றிலை புற்று உண்டாக்கும் என்று அறிவித்தது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே போதும் என்று பின்னால் 2004-ல் வந்த அறிக்கை சொல்லிவிட்டது. 'நான் வெறும் பாக்குதான் போடுறேன்' என்கிற மாமாக்கள் கவனிக்கவும்.

விட்டு வைத்த அந்த இன்னொன்று. அதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1933-ல் லண்டனின் லான்செட் இதழில் அயன் ஆர் என்ற டாக்டர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி எழுதினார். அவர் வேலை பார்த்தது நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில். எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் சர்ஜனாக இருந்தாரே, அதே நெய்யூர். எங்கள் அத்தை வீட்டிலிருந்து பஸ் பிடித்தால் அரை மணி நேரம்.

ஆபரேஷன் முடிந்து அத்தை இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். ஆரம்ப நிலைதான் என்று ரிப்போர்ட் வந்தது. கஞ்சி, கூழ் என்று இறங்குகிறது. பேச்சு இன்னும் குழறலாகத்தான் இருக்கிறது. வெற்றிலைப் பெட்டியை என் மனைவி பரணில் போட்டுவிட்டாள், அத்தையும் கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து கானோல்கர் கதையைச் சொன்னேன். வேட்டிக் கதைக்குச் சிரித்தார். நெய்யூர் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நம்ம நெய்யூர் ஆசுத்திரியிலயா?"

"ஆமா அத்தை. நீங்க பொறக்கறதுக்குப் பல வருஷம் முன்னாடி."

கொஞ்ச நேரம் எதிரே போகிற லோக்கல் ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"எங்க அம்மைக்கும் வாயிலதான் மக்களே வந்தது. ஒருத்தரும் சொல்லல்லியே?"