பிள்ளைக்கு எந்த நூல்?



சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் தம் ஆறு வயது மகளுடன் எமது பாடசாலை அலுவலகத்துக்கு வந்தார். "ஐயா, இவளை நூல்நிலையத்தில் அங்கத்தவராகச் சேர்த்துவிட்டேன். ஆனால் அங்கே போய் நின்றால் எந்தப் புத்தகத்தை எடுப்பதென்று தெரியவில்லை" என்றார். நான் ஒரு தாளில் நாலைந்து நூற்பெயர்களை எழிதாக எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவர் சென்ற பின்னரே, அவர் கேட்ட வினாவுக்கு நான் விடை கூறவில்லை என்பது மனத்தில் உறுத்தியது. அந்த வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. பிள்ளைகளுக்கு எதைப் படிக்கக் கொடுப்பது என்று நம் முன்னோரும் எண்ணியிருக்கின்றனர். அவர்கள் கண்ட விடைகளைச் சிறிது திரும்பிப் பார்ப்பின், நமக்கும் ஒரு வழி புலப்படும்.

அச்சு நூல்கள் பரவுமுன் பிள்ளைக்கு நூல் தெரிதல் என்ற சிக்கலே எழவில்லை. விசயதசமி நாளில் ஏடு தொடக்குவர். மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை, கை திருந்திய பின் ஓலையில் எழுத்தாணி பிடிக்கும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு என்று வரிசை தவறாமல் மனனம் செய்யும். எல்லார்க்கும் ஒரே நூல், ஒரே முறை. இதனால் நினைவாற்றல் வளர்ந்தது. மொழியின் ஓசை பிஞ்சுச் செவியிலே பதிந்தது. பொருள் மட்டும் பல ஆண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தது. எனினும் அக்காலத்துப் பிள்ளை வறியது என்று கூறிவிட இயலாது. திண்ணைப் பள்ளியில் நிகண்டை ஒப்புவித்த அதே பிள்ளை, இரவில் அம்மம்மாவின் மடியில் நரியின் கதையையும் முதலையின் கதையையும் கேட்டு உறங்கியது. ஏட்டை ஆசிரியர் கொடுத்தார். கதையை வீடு கொடுத்தது. இவ்விரண்டும் இரு வேறு உலகங்களாகவே இருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு வந்தது. 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமாரும் பிற சபையினரும் தம் பள்ளிகளுக்கு அச்சிட்ட நூல்களைப் பயன்படுத்தினர். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பிற் பணியாற்றிய ஆறுமுக நாவலர், அச்சு நூலின் ஆற்றலை அருகிருந்து கண்டவர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, தம் மாணாக்கர்க்கு ஏற்ற நூல்கள் இல்லாத குறை அவருக்குத் தெளிவாயிற்று. அதனை நிறைவு செய்யத் தாமே எழுதினார். தாமே அச்சியந்திரம் பெற்று அச்சிட்டார். பாலபாடத்தின் முதற் புத்தகம் 1850இலும், இரண்டாம் புத்தகம் 1851இலும் வெளிவந்தன.

பாலபாடத்தின் சமயச் சார்பையும் ஒழுக்க நெறியையும் பலரும் எடுத்துப் பேசுவர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு அதன் படிமுறையே பெரிதாகத் தோன்றுகிறது. எழுத்து, சிறு சொல், சிறு வாக்கியம், பின்னர் நீண்ட உரைநடை என்று அது பிள்ளையின் கையைப் பிடித்து ஏற்றிச் செல்கிறது. பிள்ளையின் ஆற்றலை அளந்து நூலை அமைத்தல் வேண்டும் என்ற எண்ணம் அங்கே செயலாகிவிட்டது. ஆயினும் அது பாடநூலே. பிள்ளை தானே விரும்பித் தேடி எடுக்கும் நூலன்று.

அந்த விருப்பத்துக்கு இடங்கொடுத்தவர்கள் இருபதாம் நூற்றாண்டுக் கவிஞர்கள். பாரதியாரின் பாப்பாப் பாட்டு 1915இல் வெளிவந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை குழந்தைகளுக்கென எளிய இனிய பாக்களை இயற்றினார். நம் நாட்டில் அப்பணியைத் தலைமேற் கொண்டவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர். நெடுங்காலம் ஆசிரியராயிருந்து 1953இல் மறைந்த அப்பெரியாரைத் "தங்கத் தாத்தா" என்று பிள்ளைகள் அழைத்தனர். ஆடிப்பிறப்பன்று காய்ச்சும் கூழையும் அவிக்கும் கொழுக்கட்டையையும், கத்தரித் தோட்டத்தில் நிற்கும் வெருளியையும் அவர் பாட்டுக்குப் பொருளாக்கினார். தன் வீட்டு முற்றமும் தன் ஊர்த் தோட்டமும் பாட்டில் வரக் கண்ட பிள்ளைக்கு, எழுத்து என்பது எங்கோ உள்ள பெரியோர்க்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கியது.

அவர் பாடிய பவளக்கொடி என்னும் கதைப்பாட்டை இங்கே சிறிது விரித்துக் கூற விரும்புகிறேன். பருத்தித்துறையில் பால் விற்கும் ஒரு பெண், விற்ற பணத்தால் தான் அடையப்போகும் வாழ்வை எண்ணி, தன்னை மறந்து தலையை அசைக்கிறாள், பால் கொட்டிவிடுகிறது. கதை யாழ்ப்பாணத்துக் கதை போலவே நமக்குத் தோன்றும். ஆனால் அதன் வழிப்பயணம் மிக நீண்டது. பஞ்சதந்திரத்தில் ஓர் ஏழைப் பிராமணன் மாக்குடத்தை மேலே தொங்கவிட்டுப் படுத்துக்கொண்டு, ஆடும் மாடும் மனைவியும் மைந்தனும் வரக் கனவு காண்கிறான். கனவிலே காலை உதைக்க, குடம் உடைகிறது. அந்நூல் ஆறாம் நூற்றாண்டிற் பாரசீகத்துப் பஹ்லவி மொழிக்கும், எட்டாம் நூற்றாண்டில் அரபு மொழிக்கும் பெயர்ந்தது. அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. 1678இல் பிரான்சு நாட்டுக் கவிஞர் லா பொன்தேன் வெளியிட்ட கதைப்பாக்களில், மாக்குடம் வைத்திருந்த பிராமணன் இருந்த இடத்திற் பாற்குடம் சுமந்த பெண் நிற்கிறாள். அக்கதையே நம் புலவரிடம் வந்து, பருத்தித்துறைப் பெண்ணின் கதையாயிற்று.

இப்பயணத்தில் நமக்கொரு பாடம் உண்டு. நம்மவர் நூல்களையே பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்பாரும், பிறநாட்டு நூல்களே உயர்ந்தவை என்பாரும் நம்மிடையே உளர். நல்ல கதைக்கு எல்லை இல்லை என்பதற்குப் பவளக்கொடியே சான்று. அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைவிட, நம் பிள்ளையின் செவிக்கு ஏற்ற மொழியில் வந்திருக்கிறதா என்பதையே நாம் நோக்க வேண்டும்.

இனி நூல்நிலையத்துக்கு வருவோம். யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் க. மு. செல்லப்பா என்னும் அன்பரின் முயற்சியில் முளைவிட்டு, 1934ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 1ஆந் திகதி ஒரு வாடகை அறையில் 844 நூல்களுடன் தொடங்கியது. பின்னர் பெரிய கட்டடம் எழுப்ப முனைந்தபோது, நூலகவியல் அறிஞர் சீர்காழி இரங்கநாதனின் ஆலோசனை பெறப்பட்டது. புதிய கட்டடம் 1959இல் திறந்துவைக்கப்பட்டது. 1967இற் சிறுவர் பகுதியும் அமைந்தது.

எழுபதுகளின் பிற்பகுதியில் என் தந்தையார் சனிக்கிழமைகளில் என்னைச் சைக்கிளில் ஏற்றி அங்கே அழைத்துச் செல்வார். முதல் நாள் எதை எடுப்பதென்று தெரியாது திகைத்து நின்றேன். அங்கிருந்த அலுவலர் ஒருவர், "தம்பி, விரும்பியதை எடும். பிடிக்காவிட்டால் கொண்டுவந்து மாற்றலாம்" என்றார். அதுவரை புத்தகம் என்றால் முடிக்க வேண்டிய ஒன்று என்றே எண்ணியிருந்தேன். பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற அச்சொல், எனக்கு ஒரு கதவைத் திறந்தது.

1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு அந்நூல்நிலையம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அப்போது நான் இரவலாகப் பெற்ற விலங்குக் கதை நூல் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய திகதி அதிற் குறிக்கப்பட்டிருந்தது. கொடுக்க இடம் இருக்கவில்லை. அம்மா அதைச் சீலையிற் சுற்றிப் பெட்டியில் வைத்தார். 1995இல் இடம்பெயர்ந்தபோது அதுவும் போயிற்று. நூல்நிலையம் பின்னர் மீளக் கட்டப்பட்டு, இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மீண்டும் வாசகருக்குத் திறந்தது. இன்று அங்கே பிள்ளைகள் இருந்து வாசிப்பதைக் காணும்போது என் மனம் நிறைகிறது.

ஆனால் நூல்களை நெருப்பு மட்டுமே பிள்ளைகளிடமிருந்து பிரிப்பதில்லை. என் பிழை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நான் முதன்முதல் அதிபராகப் பொறுப்பேற்ற சிறிய பாடசாலையில் ஓர் அலுமாரி நிறையச் சிறுவர் நூல்கள் இருந்தன. பொருட்பதிவேட்டில் ஒன்று குறைந்தாலும் கணக்காய்வில் நானே பதில் கூற வேண்டும் என்ற அச்சத்தால், அதைப் பூட்டித் திறப்பை என் மேசைக்குள் வைத்திருந்தேன். மூன்று ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது, கீழ்த்தட்டு முழுவதையும் கறையான் அரித்திருந்தது. பதிவேட்டில் மட்டும் ஒன்றும் குறையவில்லை. நூல்கள் பயன்பாட்டுக்கே உரியன என்பது 1931இல் இரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது. ஒவ்வொரு வாசகர்க்கும் அவரவர்க்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பன அடுத்தவை. பல்கலைக்கழகத்திற் படித்த இவ்விதிகளை அந்தக் கறையான் புற்றின் முன் நின்றபோதே விளங்கிக்கொண்டேன்.

ஆகவே அந்தத் தாய்க்கு நான் அன்று கூறியிருக்க வேண்டிய விடை இது.

நூல்நிலையத்தில் ஒரு நூலை நீங்கள் தெரியுங்கள்; ஒரு நூலைப் பிள்ளை தெரியட்டும். நீங்கள் எடுப்பதன் ஒரு பக்கத்தை அங்கேயே மெல்லிய குரலில் வாசித்துப் பாருங்கள். உங்கள் நா இடறும் வாக்கியத்திற் பிள்ளையின் மனமும் இடறும். இளம்பிள்ளையாயின் படத்தைக் கவனியுங்கள். 1658இலேயே கொமேனியஸ் என்னும் அறிஞர் சிறுவர்க்குப் படங்களால் உலகைக் காட்டும் நூலை வெளியிட்டார். படம் கதையோடு சேர்ந்து பேசவேண்டும். வெறும் அலங்காரமாய் நிற்றல் போதாது.

பிள்ளை தானே படிக்க முயலும் நூலாயின், நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் செய்யுங்கள். வரிக்கு வரி தடுமாறினால் அந்நூலை விலக்கிவிட வேண்டாம். அது நீங்கள் வாசிக்க, பிள்ளை கேட்க வேண்டிய நூல். அடுத்த ஆண்டு அதைப் பிள்ளையே வாசிக்கும். ஒரே கதையைப் பத்து முறை கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். நம் அம்மம்மாமார் ஒரு நரிக்கதையை எத்தனை இரவுகள் சொன்னார்கள்!

இறுதியாக ஒன்று. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையை எண்ணி, கதை நூல் எடுக்க வேண்டிய கையில் மாதிரி வினாத்தாளைத் திணிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கதை வாசித்து முடித்ததும், "இதனால் நீ கற்ற நீதி யாது?" என்று கேட்டுப் பிள்ளையைத் திகைக்க வைப்பதும் உண்டு. பரீட்சைக்கு அதற்குரிய நேரம் இருக்கட்டும். வீட்டில் விளக்கடியில் கழியும் அந்தக் கால்மணி நேரத்தைப் பிள்ளைக்கே விட்டுவிடுங்கள். கேள்வி கேட்க வேண்டுமாயின் அது கேட்கட்டும்.

அடுத்த தவணையில் அந்தத் தாய் வரும்போது நூற்பெயர் எழுதிய தாளைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அந்தச் சிறுமியிடம், "பிள்ளை, விரும்பியதை எடும், பிடிக்காவிட்டால் மாற்றலாம்" என்று சொல்லியனுப்புவேன். எனக்கு ஒருவர் தந்த அச்சொல்லைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வேறு இடமில்லை.