வெண்மணலும் வண்டிக் கண்ணாடியும்

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் புகையிரதம் லுணுவில, நாத்தாண்டியா, மாதம்பை ஆகிய ஊர்களைக் கடந்து சிலாபத்தை அடைகின்றது. வழியில் தென்னஞ்சோலைகளினிடையே ஆங்காங்கு சர்க்கரைபோல் வெளுத்த மணலைக் காணலாம். வழிப்போக்கர் அதனை வெறும் மணலென்றே எண்ணிச் செல்வர். நிலவியலாரோ அதனைச் சிலிக்கா மணல் என்பர். மணலில் இரும்பு கலந்திருப்பின் கண்ணாடியிற் பச்சைச் சாயல் படரும். ஆகவே வெளுத்த மணலுக்கு மதிப்பு மிகுதி. 1955ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இலங்கைக் கண்ணாடிக் கம்பனி, போத்தல் வார்ப்பதற்கு நாத்தாண்டியா மணலைப் பயன்படுத்தி வந்துள்ளது.

இம்மணற்பரப்பை ஊடறுத்துச் செல்லும் கொழும்பு – புத்தளம் வீதியில் இன்று உயரமான ஜீப் வகை வண்டிகள் பல ஓடுகின்றன. அவற்றின் சாளரங்களும் பின்னோக்கு ஆடிகளும் மணலின் மறுபிறப்பே. மணலுடன் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உலையில் உருக்கினாற் கண்ணாடி பிறக்கும். ஆனால் வீட்டுச் சாளரத்துக்கு ஏற்ற கண்ணாடி, விரைந்தோடும் வண்டிக்கு ஏற்றதாகுமா? அக்கேள்விக்கு விடை காண, மனிதர் குருதி சிந்த வேண்டியிருந்தது.

தொடக்க கால மோட்டார் வண்டிகளுக்குக் கண்ணாடியே இல்லை. காற்றுக்கும் புழுதிக்கும் அஞ்சிய மனிதர் பின்னர் சாரதியின் முன்னே சாதாரணக் கண்ணாடித் தகட்டை நிறுத்தினர். வண்டி மோதியபோது அத்தகடு கத்திகளாய்ச் சிதறி முகத்தையும் கழுத்தையும் கிழித்தது. காற்றைத் தடுக்க வந்த காவலே கூற்றாயிற்று.

1903ஆம் ஆண்டில், பிரான்சு தேசத்து ஓவியரும் இரசாயன அறிஞருமான எடுவார் பெனடிக்டஸ் என்பாரின் ஆய்வுகூடத்திற் கண்ணாடிக் குடுவையொன்று உயரத்திலிருந்து வீழ்ந்தது. அது விரிசலுற்றதேயன்றிச் சிதறவில்லை. முன்னொரு காலத்தில் அதிலிருந்த செலுலோசு நைத்திரேற்றுக் கரைசல் உலர்ந்து, உட்புறத்தில் மெல்லிய தோலாகப் படிந்திருந்தமையே காரணம். மோட்டார் விபத்துகளிற் கண்ணாடியால் மக்கள் காயமுற்ற செய்தி அவருக்கு இக்குடுவையை நினைவூட்டியது. இரு கண்ணாடித் தகடுகளின் நடுவே ஒரு மென்படலத்தை வைத்து ஒட்டும் முறையை வகுத்து, 1909இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். முதலாம் உலகப் போரில் நச்சுக்காற்று முகமூடிகளின் கண்பகுதிக்கு இவ்வடுக்குக் கண்ணாடி பயன்பட்டது. பின்னரே அது மோட்டார் வண்டிகளிற் பரவலாயிற்று. இன்றைய வண்டிகளின் முன்கண்ணாடி இந்த அடுக்குக் கண்ணாடியேயாகும்.

பக்கச் சாளரங்களுக்கோ பெரும்பாலும் வேறொரு முறை கையாளப்படுகின்றது. தகட்டை 600 பாகை செல்சியசுக்கு மேலாகச் சூடாக்கிக் குளிர்காற்றை வேகமாக வீசுவர். மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உட்பகுதி பின்னர் சுருங்கி அதனை அழுத்திப் பிடிக்கும். இவ்வாறு வலுவேற்றிய கண்ணாடி எளிதில் உடையாது; உடைந்தாலும் கூர்மழுங்கிய சிறு மணிகளாக உதிரும்.

காடுமேடு ஏறும் வண்டிகளின் வரலாற்றில் 1941ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அமெரிக்கப் படைக்கென அவ்வாண்டில் உருவான வில்லிஸ் ஜீப்பில் முன்கண்ணாடியைத் தவிர வேறு கண்ணாடி இல்லை. அதனையும் மடித்து முன்மூடியின்மேற் சாய்த்துவிடலாம். 1948இல் ஆங்கில நாட்டில் வெளிப்போந்த லாண்ட் ரோவரும் அவ்வழியே நின்றது. பின்னர் குடும்பத்தோடு செல்வதற்கெனச் செய்த லாண்ட் ரோவர்களில், கூரை விளிம்பிலும் சிறு சாளரங்கள் அமைந்தன. 1970இல் வந்த ரேஞ் ரோவர், உயர்ந்த இருக்கையையும் அகன்ற சாளரங்களையும் ஒருங்கே கொண்டிருந்தது. நான்கு திசையும் நன்கு காண்பதே அதன் சிறப்பாயிற்று.

முன்னே காண்பது ஒருபுறமிருக்க, பின்னே வருவதைக் காண்பது எங்ஙனம்? இரசம் பூசிய ஆடிகள் வெனிஸ் நகரத்தவருக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தவை. 1835இல் ஜேர்மானிய அறிஞர் லீபிக் கண்ணாடியில் வெள்ளி படியச் செய்யும் முறையைக் கண்டார். நாளடைவில் ஆடி ஏழைக்கும் எட்டும் பொருளாயிற்று. 1909இல் டொரத்தி லெவிட் என்ற ஆங்கிலப் பெண்மணி, வண்டியோட்டும் மகளிர் கையாடி ஒன்றை உடன்கொண்டு, அதனை உயர்த்திப் பின்வீதியைப் பார்க்குமாறு தம் நூலில் அறிவுறுத்தினார். 1911இல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்திற் பிறர் உதவியாளருடன் ஓட, ரே ஹரூன் என்பார் ஆடியொன்றைப் பொருத்தித் தனியே ஓடி வெற்றியும் பெற்றார். செங்கல் பதித்த தடத்தின் அதிர்வால் ஆடியில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

அவ்வதிர்வு நீங்கிவிட்டது, ஆயினும் ஆடியின் குறை முற்றும் நீங்கவில்லை. தளவாடி உள்ளதை உள்ளவாறு காட்டும். ஆனால் அதன் காட்சிப்பரப்புக் குறுகியது. குவிவாடி பரந்த இடத்தைக் காட்டும். ஆனால் அருகிலுள்ளதைச் சிறிதாக்கித் தொலைவிலுள்ளதுபோல் மயக்கும். சைக்கிளில் மீன்பெட்டி கட்டிச் செல்பவர் தொலைவில் இருப்பதாகக் கருதிச் சாரதி வண்டியைத் திருப்பினால், அம்மயக்கம் ஓர் உயிரைக் கொள்ளக்கூடும்.

உயர்ந்த வண்டியில் இக்குறை மேலும் பெரிது. உருண்டு கவிழ்ந்தாலும் கூரை நசுங்காதிருக்க வேண்டுமென்று இக்காலத்தில் தூண்களைத் தடிப்பாக்கினர்; அத்தூண்களே பார்வையை மறைக்கின்றன. பின்சாளரமோ உயரத்தில் உள்ளது. அதனடியில் நிற்கும் சிறு பிள்ளை, எந்த ஆடியிலும் தோன்றாது போகலாம். பின்னோக்கி நகர்ந்த வண்டிகளாற் குழந்தைகள் மாண்ட துயரமே, 2018 மே மாதம் முதல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விற்கும் புதிய சிறு வாகனங்களுக்குப் பின்னோக்குக் கமராவைக் கட்டாயமாக்கியது. ஈன்றோர் சிந்திய கண்ணீரின் பின்னரே அச்சட்டமும் பிறந்தது.

பெனடிக்டஸின் குடுவை முதல் இன்றைய கமரா வரை இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. கண்ணாடியின் குற்றம் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் துன்புற்ற பின்னரே களையப்பட்டது; இன்னும் களையப்படாத குற்றங்களும் உள. அவற்றுக்கு ஈடு செய்யவேண்டியவர் சாரதியே. வீட்டு முற்றத்தில் வண்டியைப் பின்னெடுக்குமுன் ஒருகால் இறங்கிச் சுற்றிப் பார்த்தலும், வீதியிற் திரும்புமுன் தலையைத் திருப்பிப் பார்த்தலும் சில நொடிகளில் முடியும் செயல்கள். எந்த ஆடியும் காட்டாத ஒரு பிள்ளையை அவை காட்டக்கூடும்.