கியர் யாருக்கு?

செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு டீக்கடை. நாலு நண்பர்கள், நாலு சைக்கிள். ஏற்காட்டுக்குப் போவதாகத் திட்டம். ஒரு வண்டிக்குப் பின்னால் மாட்டச் சின்ன டிரெய்லர். அதில் கூடாரம், அடுப்பு, பாத்திரம் என்று ஒரு குடித்தனமே ஏறியிருந்தது!

"கியர் சைக்கிள் வாங்கலையா?" என்றேன்.

"அது ஏமாத்து வேலை சார். கால்ல தெம்பு இருந்தாப் போதும்" என்றார் ஒருவர்.

இந்த வசனத்துக்கு வயது நூறுக்கு மேல்!

1889. பிரான்சில் 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய பத்திரிகையாளர் பால் தெ விவி ஒரு மலைச்சாலையில் மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருந்தார். புகைக்குழாயை வாயில் வைத்தபடி ஓர் இளைஞர் அவரைச் சர்வசாதாரணமாகத் தாண்டிப் போனார். ரோஷம் வந்தது விவிக்கு. பெடல் பக்கம் இரண்டு பல்சக்கரங்களைப் பொருத்தினார். மேடு வந்தால் சங்கிலியைக் கையாலேயே சின்னதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கியர் சைக்கிளுக்காகக் கடைசி வரை வாதாடினார்.

எதிர்முகாமில் ஹென்றி தெக்ராஞ்ச். பின்னாளில், 1903-ல், 'டூர் தெ பிரான்ஸ்' பந்தயத்தைத் தொடங்கியவர். 1902-ல் நடந்த ஒரு மலைப் போட்டியில் மூன்று கியர் வண்டி ஓட்டிய மார்த் ஹெஸ் என்ற பெண், கியர் இல்லாமல் வந்த ஆண் வீரரை முந்திவிட்டார். தெக்ராஞ்ச் அசரவில்லை. கியரெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்குத்தான் என்று எழுதினார். (எனக்கு 45 நெருங்குகிறது. போகட்டும்!) அவருடைய பந்தயத்தில் கியர் மாற்றி அனுமதிக்கப்பட்டது 1937-ல்தான். அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். மறுபக்கத்தில் வேறு பல்சக்கரம்!

கியர் என்ன செய்கிறது? மொத்த உழைப்பைக் குறைக்காது. பெரிய கடனைச் சின்னச் சின்னத் தவணையாகக் கட்ட வைக்கிறது, அவ்வளவுதான். நிறைய சுற்று மிதிக்க வேண்டும். ஒவ்வொரு மிதியும் லேசு.

நண்பர்களின் கணக்கைப் பாருங்கள். ஆள் 70 கிலோ, சைக்கிள் 15. மொத்தம் 85. டிரெய்லரும் சாமானும் 35 என்றால், 120. இழுக்க வேண்டிய எடை 40 சதவிகிதம் கூடிவிட்டது. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500. நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது இன்னொரு வம்பு. சின்ன டிரெய்லர்களுக்குப் பெரும்பாலும் பிரேக் கிடையாது. அத்தனை எடையும் பின்னாலிருந்து தள்ளும்!

அப்படியானால் கியர் இல்லாதவர் மலை ஏறவே முடியாதா? அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி 1963-ல் தன் நாட்டிலிருந்து டெல்லி வரை சைக்கிளில் வந்தார். புறப்படுவதற்கு முன்பே மூன்று கியரையும் கழற்றிவிட்டார். ஆசியச் சாலைகளுக்கு அது தாங்காது என்று கணக்குப் போட்டார். மாற்று டயர்களை வழியிலுள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்தார். சுமையைக் குறைத்தார். முடியாத மேட்டில் இறங்கித் தள்ளினார்.

நம் ஊர்ப் பால்காரர்களும் அதைத்தானே செய்தார்கள்! அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் வண்டியில் கேன்களைக் கட்டிக்கொண்டு, பாலம் வந்தால் இறங்கித் தள்ளினார்கள். யாரும் வெட்கப்படவில்லை.

விவி கியரைச் சேர்த்தார், மர்ஃபி கழற்றினார். இருவரும் கணக்குப் போட்ட பிறகே மலை ஏறினார்கள். தெம்பை மட்டும் நம்புகிறவருக்கு மூன்றாவது வளைவிலேயே கணக்கு புரிந்துவிடும்.

இதைச் சொல்லி முடித்தபோது அந்த நண்பர் ஒன்றும் பேசவில்லை. டீயைக் குடித்துவிட்டு டிரெய்லரைத் திறந்தார். முதலில் வெளியே வந்தது, இரும்பு அடுப்பு!