துத்தமும் சல்பேட்டும்

செட்டிநாட்டு வலையபட்டியில் பழைய வீடொன்றின் சுவரைத் தடவிப் பார்ப்பவர், இது கல்லோ கண்ணாடியோ என்று ஐயுறுவர். கிளிஞ்சலைச் சுட்டு, நீர் தெளித்து நீற்றி, கடுக்காய்ச் சாறும் முட்டை வெண்கருவும் கூட்டி அரைத்துப் பூசிய சுண்ணம் அது. சூளையினின்று எடுத்தபோதும் அது சுண்ணாம்பு, நீற்றியபோதும் சுண்ணாம்பு, சுவரில் இறுகியபோதும் சுண்ணாம்பே. இரசாயன நூலோ இம்மூன்றுக்கும் மூன்று பெயர் தருகின்றது. சுட்டது கால்சியம் ஆக்சைடு. நீரை ஏற்றது கால்சியம் ஹைட்ராக்சைடு. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மீண்டும் கிளிஞ்சலின் பொருளாகவே மாறிச் சுவரில் நிற்பது கால்சியம் கார்பனேட். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பொருளின் உட்கூறு விளங்கவேண்டும் என்னும் இந்த ஏற்பாடு, உலகில் தோன்றி இரண்டரை நூற்றாண்டுகூட ஆகவில்லை.

அதற்கு முன் நம்மவர் பெயரின்றித் தவித்தனர் என்று எண்ணிவிடலாகாது. நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் உண்டு, பால்துத்தம் உண்டு. துத்தம் என்பது இனப்பெயர். மயில், பால் என்பன நிறம் குறித்த அடைமொழிகள். முன்னது செம்பின் சல்பேட், பின்னது துத்தநாகத்தின் சல்பேட் என்று அறியும்போது, இனம் கண்ட அந்தப் பழைய கண்களை வியக்கவே தோன்றுகிறது. ஆனால் இரும்பின் சல்பேட் அன்னபேதியாகிவிட்டது. மூன்றும் ஒரே குடும்பம் என்பதை அப்பெயர் மறைத்துவிட்டது. நிறமும் பயனும் பார்த்து இடும் பெயர் ஓரளவுக்குத்தான் துணை செய்யும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று, உயிர் சம்பந்தப்பட்டது. வைத்தியர் கையாண்ட பூரம், வீரம் இரண்டும் பாதரசமும் குளோரினும் சேர்ந்த வெண்பொருள்களே. பூரத்தில் பாதரசத்துக்குச் சமமாகக் குளோரின் அணு, வீரத்தில் இருமடங்கு. முன்னதை ஒருகாலத்தில் பேதி மருந்தாகக் கொடுத்தார்கள். பின்னதோ ஆளையே கொல்லும் நஞ்சு. இவ்விரண்டு பெயர்களில் எது மற்றதன் உறவு என்பதற்குச் சாடைகூட இல்லை. ஐரோப்பியர் மட்டும் வாழ்ந்தார்களா என்றால் அதுவுமில்லை. பூரத்துக்கு அவர்கள் வைத்த கலோமெல் என்ற பெயர், கிரேக்கத்தில் 'அழகிய கறுப்பு' என்னும் பொருளுடைய சொற்களிலிருந்து வந்ததாகக் கூறுவர். வெள்ளைப் பொடிக்கு இட்ட பெயர் இது!

பொருள்களை வகைப்படுத்தும் முயற்சியில் அரபு அறிஞரின் பங்கு பெரிது. 865இல் ரை நகரில் பிறந்த அர்ராஸீ, தமது 'கிதாபுல் அஸ்ரார்' நூலில் தாதுப்பொருள்களை ஆவியாகுவன, உலோகங்கள், கற்கள், துத்தங்கள், வெங்காரங்கள், உப்புகள் என ஆறாகப் பகுத்தார். அவரது ஆவியினத்தில் நவ்ஷாதிர் ஒன்று. அது நம் நவச்சாரமேயாகும், ஒலியொற்றுமையைக் காண்க. கண்ணுக்கிடும் சுர்மாத் தூளைக் குறித்த 'அல்குஹ்ல்' ஐரோப்பாவில் 'ஆல்கஹால்' ஆகி மதுவின் சாரத்தைக் குறிக்க நேர்ந்ததும், செடிச் சாம்பலைக் குறித்த 'அல்கலீ' காரங்களுக்கெல்லாம் பெயரானதும் பலரும் அறிந்தவை.

1787ஆம் ஆண்டில் பாரிஸில் லவாய்சியே, கித்தோன் தெ மோர்வோ, பெர்த்தொலே, பூர்க்குருவா என்னும் நால்வர் ஒன்றுகூடிப் பெயரிடு முறையை நூலாக வெளியிட்டனர். கந்தகம் ஓர் உலோகத்துடன் மட்டும் கூடினால் ஓர் ஈறு; ஆக்சிஜனும் சேர்ந்தால் வேறோர் ஈறு; அந்த ஆக்சிஜன் குறைந்தால் மற்றோர் ஈறு. சல்பைடு, சல்பேட், சல்பைட் என்று இன்று மாணவர் உருப்போடும் சொற்களின் பிறப்பு இதுதான். லவாய்சியே 1794இல் புரட்சியின் கொலைக்கருவிக்குத் தலையைக் கொடுத்தார். அவர் வகுத்த ஈறுகள் நிலைத்துவிட்டன. அவர் செய்த பிழையும் ஒன்று நிலைத்தது: ஆக்சிஜன் என்றால் அமிலத்தைப் பிறப்பிப்பது. ஆக்சிஜனே இல்லாத அமிலமும் உண்டென்று டேவி 1810 அளவில் காட்டியபின்னும் பெயர் மாறவில்லை. பூரம், வீரம் சிக்கலுக்கு 1919இல் ஆல்பிரட் ஸ்டாக் ஒரு வழி சொன்னார்: உலோகத்தின் இணைதிறனை உரோம எண்ணால் பெயரோடு குறித்துவிடுவது. முன்னது மெர்க்குரி ஒன்று குளோரைடு, பின்னது மெர்க்குரி இரண்டு குளோரைடு.

இவற்றைத் தமிழில் சொல்லும் முயற்சி யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் டாக்டர் கிறீன், 1875இல் 'கெமிஸ்தம்' என்ற நூலை வெளியிட்டார். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் சாஸ்திரச் சொற்களுக்கென ஒரு கழகம் கண்டனர். பின்னாளில் அவரே 'திண்ணை ரசாயனம்' எழுதினார். வலையபட்டியார்க்கு அண்மையிலுள்ள காரைக்குடியிலோ, வள்ளல் அழகப்பரின் கொடையால் மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடம் 1953 பொங்கலன்று திறக்கப்பெற்றது.

இலங்கையர் எண்ணுப்பெயரைத் தமிழாக்கினர்: காபனோரொட்சைட்டு, காபனீரொட்சைட்டு, கந்தகமூவொட்சைட்டு. ஓர், ஈர், மூ என்று புணர்ந்து வரும் அழகைச் சுவைக்காமல் இருக்க முடியாது. இங்கே நாம் கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு என்றே எழுதிவிட்டோம். அழகு போனாலும் போகட்டும், ஈற்றில்தான் இடர். அவர்கள் சல்பைடை 'சல்பைட்டு' என்றும், சல்பைட்டை 'சல்பைற்று' என்றும், சல்பேட்டை 'சல்பேற்று' என்றும் எழுதுகின்றனர். ஆகவே 'சோடியம் சல்பைட்டு' என்ற பெயர்ச்சீட்டை மதுரை மாணவன் ஒரு பொருளாகவும், யாழ்ப்பாணத்து மாணவன் வேறொரு பொருளாகவும் படிப்பான். ஒன்றில் ஆக்சிஜன் உண்டு, மற்றதில் இல்லை. அமிலம் பட்டால் பின்னதிலிருந்து எழுவது அழுகிய முட்டை நாறும் நச்சுவாயு.