எத்தனை எக்ஸ்? பறவைக் கேமராவின் கதை

கேமரா வாங்கப் போகும் நண்பர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "எத்தனை எக்ஸ் ஜூம்டா?" ஐம்பதா, எண்பத்து மூன்றா, நூற்று இருபத்தைந்தா? ஏதோ எண் கூடக்கூட உப்பளத்துப் பூநாரை தானாக நடந்து கிட்டே வந்துவிடும் என்பது போல! இந்த எண் எங்கே தொடங்கி எங்கே போய் நின்றது என்று தேடியதில் சுவையான ஒரு வரலாறு கிடைத்தது. வணிகவியல் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இருக்கிற காசில் எதை வாங்குவது என்பதுதானே எங்கள் பாடம்! :-)

பறவையைப் படம் எடுப்பதில் ஆதி முதல் இருக்கும் ஒரே சிக்கல் தூரம். நாம் கிட்டே போனால் அது பறந்துவிடும். இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1892ல் முட்டையோடு கூடிய பறவைக்கூட்டைப் படம் எடுத்தார்கள். பிறகு 1900ல் ஒரு மாட்டுத் தோலுக்குள் சட்டம் வைத்துப் பொய் மாடு செய்து, அதற்குள் கேமராவோடு ஒளிந்து நின்றார்கள். லென்ஸ் எட்டாத தூரத்தை மனிதன் மாடாகி எட்டினான்! நம் நாட்டில் வனத்துறை அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன், காட்டுப் பாதையில் கம்பி கட்டிவைத்து, புலியே தன் காலால் தட்டித் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும்படி செய்தார். 1927ல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன.

ஒளிந்திருக்கப் பொறுமை போதும், ஆனால் நல்ல லென்ஸுக்குப் பணம் வேண்டும். சாலிம் அலியோடு பயணம் செய்து அருமையான பறவைப் படங்கள் எடுத்த லோக் வான் தோ யார் தெரியுமா? சிங்கப்பூரின் கேத்தே சினிமா நிறுவனத்தின் அதிபர்! பறவைப் படம் என்பது நெடுங்காலம் இப்படிப்பட்டவர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது.

இந்த வரிசையில் நம் மண்ணுக்காரர் ஒருவர் வித்தியாசமாக நிற்கிறார். மா. கிருஷ்ணன். 1912ல் திருநெல்வேலியில் பிறந்தவர். (தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986ல்தான், அதுவரை நாமும் திருநெல்வேலிதான்.) 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. அப்பா வேலை பார்த்தது உப்பு, ஆப்காரி இலாகாவில் என்பது உப்பளத்து ஊர்க்காரனான எனக்குக் கூடுதல் சந்தோஷம். கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுத்தார். விலை உயர்ந்த கருவி அவரிடம் இல்லை. ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் லென்ஸ், வேறெங்கோ கிடைத்த பாகங்கள் எல்லாவற்றையும் தானே பொருத்தி ஒரு கேமரா செய்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயரும் வைத்தார். அதைப் பார்த்த இ.பி. ஜீ என்ற இயற்கை ஆர்வலர் கேலியும் பாசமுமாக எழுதியிருக்கிறார். அந்த ஒட்டுக் கேமராவை வைத்துக்கொண்டு யானைக்கூட்டத்தின் அருகே நடந்தே போனவர் கிருஷ்ணன். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996ல் இறக்கும் வரை இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். 1970ல் பத்மஸ்ரீ கிடைத்தது. எனக்கு இவரிடம் பிடித்தது இதுதான்: தூரத்தைக் குறைக்க முதலில் அந்த விலங்கின் பழக்கத்தைப் படித்தார், கண்ணாடி வில்லை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, எக்ஸுக்கு வருவோம். 2000ல் ஒலிம்பஸ் சி2100 அல்ட்ரா ஜூம் வந்தது. 2 மெகாபிக்சல், 10 எக்ஸ். 2002ல் பானாசோனிக் எஃப்.இசட்1 வந்தது, 12 எக்ஸ். இவற்றில் உண்மையான புரட்சி ஜூம் அல்ல, கை நடுக்கத்தைத் தாங்கும் ஏற்பாடு. அது இல்லாவிட்டால் 400 மி.மீ. தூரத்தைக் கையில் பிடித்து எடுக்கவே முடியாது. ஆனால் விளம்பரத்தில் நடுக்கத்தை எண்ணாகப் போட முடியுமா? எக்ஸைப் போடலாம். போட்டி தொடங்கியது. 2007ல் 18, 2009ல் 26, 2010ல் 35, 2012ல் கேனன் எஸ்.எக்ஸ்50ல் 50, 2015ல் நிகான் பீ900ல் 83, 2018ல் பீ1000ல் 125. அதோடு நின்றுவிட்டது! 2025ல் வந்த பீ1100லும் அதே 125தான்.

ஏன் நின்றது? ஒரு காரணம் சந்தை. உலகில் 2010ல் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்குப் போயின. 2020ல் அது 90 லட்சத்துக்கும் கீழே. செல்போன் விழுங்கிவிட்டது. இன்னொரு காரணம் இயற்பியல், வாங்குகிறவர்களுக்கு அதுதான் முக்கியம்.

எக்ஸ் என்பது வெறும் வகுத்தல் கணக்கு. 24 மி.மீ. முதல் 2000 மி.மீ. வரை போனால் 83 எக்ஸ். எவ்வளவு ஒளி உள்ளே வருகிறது என்று அது சொல்லாது. அதற்கு வேறு வகுத்தல் இருக்கிறது: லென்ஸின் உண்மையான குவிய நீளத்தை எஃப் எண்ணால் வகுக்க வேண்டும். பீ900க்கு 357ஐ 6.5ஆல் வகுத்தால் 55 மி.மீ. சோனி ஆர்.எக்ஸ்10 நான்காம் மாடலுக்கு 220ஐ 4ஆல் வகுத்தால், அதே 55! ஒன்று 83 எக்ஸ், மற்றது 25 எக்ஸ், ஆனால் தூரத்துக் கொக்கிடமிருந்து இரண்டுக்கும் வரும் ஒளி ஏறக்குறைய ஒன்றுதான். பீ900 அதை அதிகப் புள்ளிகளில் பரப்புகிறது. நல்ல வெயிலில் அசையாமல் நிற்கும் பறவை என்றால் அதனால் லாபம், மாலை மங்கியதும் நஷ்டம். எஸ்.எக்ஸ்50க்கு இதே கணக்கு 33 மி.மீ. பல லட்ச ரூபாய் 500 மி.மீ. எஃப்4 லென்ஸுக்கு 125. பரப்பில் பார்த்தால் 55ஐப் போல ஐந்து மடங்கு! பணம் போகும் இடம் இதுதான். முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். முத்தை எண்ணிக்கை பார்த்து மட்டும் யார் விலை பேசியது? சலித்து, நிறுத்து, உருட்டிப் பார்த்துத்தானே?

இனி நம் உப்பளம். காலை ஒன்பது மணிக்கு மேல் பாத்திகளின் மீது கானல் ஆடத் தொடங்கும். 2000 மி.மீ.யில் பார்த்தால் பூநாரையின் கால் பாம்பு போல நெளியும். அதற்கு எந்தக் கம்பெனியிடமும் மருந்து கிடையாது. விடிந்த முதல் இரண்டு மணி நேரம்தான் வேலைக்காகும். வெள்ளை உப்புக் குவியலின் கூச்சத்தில் பின்பக்கத் திரையும் தெரியாது, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கட்டாயம் வேண்டும். பீ900ஐ விட 2020ல் வந்த பீ950 இதில் எவ்வளவோ தேவலை, ரா கோப்பும் தரும். அடுத்தது கடற்காற்று. நீண்டு சுருங்கும் ஜூம் குழாய் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், நம் ஊரில் அது உப்புக் காற்று. வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரத்துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்காவிட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

என் கட்சி இதுதான். உப்பளத்திலும் கழிமுகத்திலும் தூரத்தில் நிற்கும் உள்ளான்களுக்கு பீ950 போதும், பீ1000 வேண்டாம். அதன் எடை 1400 கிராமுக்கு மேல், டிரைபாட் இல்லாமல் கை வலிக்கும். பறக்கும் ஆலாவைப் பிடிக்கவும், வல்லநாட்டு வெளிமானுக்கும் வேகமான ஃபோகஸ் உள்ள சோனி நல்லது, அதற்கு 600 மி.மீ.யே தாராளம். ஆனால் பீ900 599 டாலருக்கு வந்தபோது இது 2017ல் 1,699 டாலர்! காசே இல்லையென்றால் பழைய எஸ்.எக்ஸ்50.

இந்தச் சின்னக் கேமராக்களுக்குப் பெரிய லென்ஸ்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வலசைப் பறவைகளின் காலில் எழுத்துப் பொறித்த சிறு கொடி மாட்டி விடுகிறார்கள். அந்த எழுத்தை வரப்பில் நின்றபடியே படித்து எழுதினால், அந்தப் பறவை எங்கிருந்து எங்கே வந்தது என்று தெரிந்துவிடும். அழகுப் போட்டியில் தோற்கும் படம்கூட இதற்குப் போதும். 2015 முதல் ஈபேர்டில் பட்டியலோடு படத்தையும் ஏற்றலாம். பழைய நாளில் சுட்டு வீழ்த்திப் பறவையைக் கையில் பிடித்தால்தான் பதிவை நம்பினார்கள்.

மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் 1986 முதல் தேசியப் பூங்கா, அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாது. அங்கே தூரம் என்பது சட்டம். உப்பளத்தில் சட்டம் இல்லை, அதனால் கூட்டத்தை எழுப்பிப் பறக்கவிட்டுப் படம் எடுக்கிற ஆட்கள் உண்டு. நெடுந்தூரம் பறந்து வந்து இரை தேடும் பறவையை ஒரு படத்துக்காக விரட்டுவது என்ன நியாயம்? கையில் 2000 மி.மீ. இருக்கிறவனுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

மேலே சொன்னவற்றில் பலவும் இன்று பழையதாகத்தான் கிடைக்கும். வாங்கப் போகும்போது ஜூமை முழுக்க நீட்டி, முன்பக்கம் டார்ச் அடித்து உள்ளே தூசியும் பூஞ்சையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாறு முறை நீட்டிச் சுருக்கி, கரகரவென்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். கடற்கரை ஊர்க்காரர் விற்கிறார் என்றால் இரண்டு முறை கேளுங்கள்!